ஜாமீன் கிடைத்ததால் வழக்கு முடிந்துவிடவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 52 வயது. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை. மாதம் பதினைந்தாயிரம் அளவுக்குக் கொண்டுவருவார். இரண்டு மாதங்களுக்கு முன்பு விடியற்காலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை, பின்னாலிருந்து வந்த கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. டீக்கடைக்காரர்தான் 108-க்குப் போன் செய்தார். மூன்றாம் நாள் அரசு மருத்துவமனையில் அப்பா இறந்துபோனார். பெட்ரோல் பங்க் கேமராவை வைத்துப் போலீஸ் காரைக் கண்டுபிடித்தது. ஓட்டியவர் ஸ்டேஷனிலேயே ஜாமீனில் போய்விட்டார். இப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலமாக, 'இரண்டு லட்சம் தருகிறோம், கேஸ் வேண்டாம் என்று எழுதிக்கொடுங்கள்' என்கிறார்கள். சைக்கிளில் விளக்கு இல்லாததால் அப்பா மேலும் தப்பு இருக்கிறது, கோர்ட்டுக்குப் போனால் ஒன்றும் கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். பணம் வாங்கினால் அப்பாவை விற்ற மாதிரி ஆகிவிடும் என்று அம்மா அழுகிறார். ஓட்டியவருக்கு என்ன தண்டனை கிடைக்கும்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் அம்மா, நான், கல்லூரியில் படிக்கும் தம்பி மூன்று பேர்தான்.
வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், அந்தத் தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். அம்மா, நீங்கள், தம்பி மூவருமே போடக்கூடாது. வெற்றுத்தாளிலும் கூடாது, 'சும்மா ஒரு சாட்சிக்கு' என்று கேட்டாலும் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் நடந்த ஒரே சாவிலிருந்து இரண்டு வழக்குகள் பிறக்கின்றன. ஒன்று குற்ற வழக்கு. அதை நடத்துவது அரசு, நீங்கள் சாட்சிகள். ஓட்டியவருக்குச் சிறையா அபராதமா என்பது அங்கே முடிவாகும். மற்றொன்று இழப்பீட்டு வழக்கு. அதை நடத்துவது நீங்கள். வக்கீல்கள் எம்.சி.ஓ.பி. என்று சொல்வது இதைத்தான். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அது நடக்கும், பணம் கொடுக்கவேண்டியது பெரும்பாலும் இன்சூரன்ஸ் நிறுவனம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி, 'இதை விட்டால் அதைத் தருகிறோம்' என்று பேசுவதுதான் ஊர்ப் பஞ்சாயத்தின் வழக்கம். சட்டத்தில் அப்படி ஒரு முடிச்சே கிடையாது.

தண்டனையைப் பற்றிக் கேட்டீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 106(1) பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. பழைய 304ஏ பிரிவில் இது இரண்டு ஆண்டு வரைதான், அதிலும் வெறும் அபராதத்தோடு விட்டுவிடவும் இடமிருந்தது. உச்சவரம்பு உயர்ந்திருக்கிறது, ஆனால் குறைந்தபட்சத் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. எனவே சில மாதங்களோடு நிறுத்தவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஐந்து ஆண்டு உறுதி என்று உங்களுக்கு யாராவது நம்பிக்கை கொடுத்தால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஜாமீனில் போனதைப் பார்த்துப் போலீஸ் விலைபோய்விட்டது என்று முடிவுகட்டவும் வேண்டாம். இது ஜாமீன் தரத்தக்க குற்றம். பிணையாள் கொடுத்தால் ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும், அது அவருக்குள்ள உரிமை. வழக்கு அப்படியே இருக்கிறது.

ஒன்றை உடனே பாருங்கள். அப்பா மூன்றாம் நாள் இறந்ததால், முதல் நாள் போட்ட எஃப்.ஐ.ஆரில் கொடுங்காயம் விளைவித்த 125(பி) பிரிவும், பொதுச்சாலையில் தாறுமாறாக ஓட்டிய 281 பிரிவும் மட்டும் இருக்கக்கூடும். இறப்புக்குப் பிறகு அதை 106-க்கு மாற்றி நீதிமன்றத்துக்குப் பிரிவு மாற்ற அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். கொடுங்காயத்துக்கு மூன்று ஆண்டு வரை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதத்தோடு முடிந்துவிடலாம். இந்த மாற்றம் நடக்காமல் போனால் உங்கள் அப்பாவின் மரணம் காகிதத்தில் ஒரு காயமாகவே நின்றுவிடும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. வழக்கின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, நிற்காமல் போன விஷயம். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் மிகக் கொடுமையான வரி அதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது. போலீஸுக்கும், மிகத் தாமதமானால் 24 மணி நேரத்துக்குள், தகவல் சொல்லியாக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு மனிதனைத் தார்ச்சாலையில் கிடக்கவிட்டுப் போனதற்கு இவ்வளவுதான்.

இது போதாது என்றுதான் நியாய சன்ஹிதாவில் 106(2) என்று ஒரு பிரிவை எழுதினார்கள். விபத்தில் ஒருவரைக் கொன்றுவிட்டு, போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடிப்போனால் பத்து ஆண்டு வரை சிறை, அதில் ஜாமீனும் எளிதல்ல. 2024 ஜனவரி முதல் வாரத்தில் வடமாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. லாரி உரிமையாளர் அமைப்போடு கலந்து பேசிய பிறகே அமலாக்குவோம் என்று மத்திய உள்துறை வாக்குக் கொடுத்தது. சட்டம் முழுவதும் ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஒரு பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது, நீதிமன்றத்தில் இல்லை. உங்கள் வழக்கில் அது பொருந்தாது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஓட்டுநர்களின் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். நின்றால் கூட்டம் அடித்துக் கொன்றுவிடும் என்ற அச்சம் நெடுஞ்சாலையில் பிழைப்பவர்களுக்கு உண்மையானது. 134-ஆவது பிரிவே அதை ஒப்புக்கொண்டு, கூட்டத்தின் ஆத்திரத்தால் நிற்க முடியாமல் போனவருக்கு மருத்துவ உதவிக் கடமையிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போய் வண்டியை ஓரங்கட்டி 112-க்கு ஒரு போன் செய்வதை எந்தக் கூட்டம் தடுக்கும்? அந்த அழைப்பையே தகவல் சொன்னதாக ஏற்றுக்கொள்ளும்படி விதியைத் தெளிவாக்கி, இந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். பயந்து ஓடியவரும் போன் செய்து தப்பிக்கலாம், அடிபட்டவரும் பிழைக்கலாம். அதைச் செய்யாமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும், இடித்துவிட்டு ஓடுவதே லாபம் என்ற கணக்கு சாலையில் நிலைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கணக்கில் குடியும் சேர்கிறது. நூறு மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். ஓடிப்போய் மறுநாள் பிடிபட்டவரிடம் அதை எப்படி அளப்பது? குடித்திருந்ததற்கோ வேறு கண்மூடித்தனமான செயலுக்கோ ஆதாரம் கிடைத்தால் வழக்கின் தரமே மாறிவிடும். 2006-இல் மும்பை பாந்த்ராவில், குடித்துவிட்டு ஓட்டிய இளைஞர் நடைபாதையில் தூங்கிய கட்டடத் தொழிலாளர்கள் மேல் காரை ஏற்றியதில் ஏழு பேர் இறந்தார்கள். வெறும் கவனக்குறைவு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2012-இல் ஏற்கவில்லை. உயிர் போகும் என்று தெரிந்தே செய்த மரணம் என்ற பிரிவில் மூன்று ஆண்டு சிறையை உறுதிசெய்தது. புதிய சட்டத்தில் அது 105-ஆவது பிரிவு, பத்து ஆண்டு வரை தண்டனை உண்டு. டாஸ்மாக் பில், பார் கேமரா, கூட வந்தவரின் வாக்குமூலம் என்று ஏதாவது இருந்தால் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். கேமராப் பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும். பெட்ரோல் பங்க் பதிவைப் போலீஸ் முறையாகக் கைப்பற்றியிருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள்.

கார் ஓட்டியவர் உண்மையில் அவர்தானா என்பதையும் கவனியுங்கள். லைசென்ஸ் உள்ள வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது நம் ஊரில் நடக்காததல்ல. அந்த நேரத்தில் வண்டியை யார் ஓட்டியது என்று போலீஸ் கேட்டால் சொல்லவேண்டியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆவது பிரிவின்படி உரிமையாளரின் கடமை.

குற்ற வழக்குகள் எங்கே விழுகின்றன என்று தெரிந்தால் நீங்கள் முன்கூட்டியே தாங்கிப் பிடிக்கலாம். சாட்சி கூண்டில் ஏறி 'வண்டி ரொம்ப வேகமா வந்துச்சு' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். 1998-இல் ஒரு கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம், வேகம் என்ற ஒரு சொல் மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது என்று ஓட்டுநரின் விடுதலையை உறுதிசெய்தது. டீக்கடைக்காரர் என்ன பார்த்தாரோ அதைச் சொல்ல வேண்டும்: அப்பா சாலையின் எந்த ஓரத்தில் போனார், கார் எங்கே வந்தது, பிரேக் போட்ட சத்தம் கேட்டதா, சைக்கிளின் எந்தப் பாகம் நசுங்கியது, அப்பா எவ்வளவு தூரம் தள்ளி விழுந்தார். பார்வை மகஜரும் சம்பவ இட வரைபடமும் பிரேக் இன்ஸ்பெக்டரின் அறிக்கையும் இதே கதையைச் சொல்கின்றனவா என்று நகல் வாங்கிப் பாருங்கள். சைக்கிளின் பின்சக்கரம் வளைந்திருந்தால் அதுவே பெரிய சாட்சி. அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். உதவி செய்தவர் என்ற முறையில் டீக்கடைக்காரருக்கும் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது, அவர் விரும்பாமல் அவர் பெயரை எழுதும்படி போலீஸோ மருத்துவமனையோ வற்புறுத்த முடியாது. அவர் தானாக முன்வந்து சாட்சி சொன்னால் அது உங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி.

இப்போது விளக்குக்கு வருகிறேன். இறந்தவர் மேல் பழி போடுவது மிகச் சுலபம், அவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. சைக்கிளில் விளக்கு இல்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்தக் குறைதான் விபத்துக்குக் காரணம் என்று நிரூபிக்கவேண்டியது எதிர்த்தரப்பு. ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போனபோது கார் பின்னாலிருந்து மோதியதில் ஒருவர் இறந்தார். மூவர் போனதே தப்பு என்று இழப்பீட்டில் பத்து சதவீதத்தை உயர் நீதிமன்றம் வெட்டியது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அந்த வெட்டை ரத்து செய்தது. விதியை மீறியது மட்டும் போதாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்றது. பின்னாலிருந்து வந்து இடித்த காருக்கு முகப்பு விளக்கு இருந்ததல்லவா, அந்த வெளிச்சத்தில் ஒரு சைக்கிள் தெரியவில்லை என்றால் அவர் எதைப் பார்த்து ஓட்டினார் என்பதே உங்கள் வக்கீல் கேட்கவேண்டிய கேள்வி. அப்பாவின் பங்கு கொஞ்சம் இருந்ததாகத் தீர்ப்பாயம் கருதினாலும் இழப்பீட்டில் ஒரு பகுதிதான் குறையும், முழுவதும் போகாது. குற்ற வழக்கிலோ, இறந்தவரும் கவனமாக இருந்திருக்கலாம் என்பது ஓட்டியவரை விடுவிக்கும் பதிலே அல்ல.

2022-இல் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. தமிழ்நாட்டில் அந்த ஆண்டில் 17,884 உயிர்கள். கோவை எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், நடைபாதை என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவருக்கு ஓரமும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. அப்படி ஒரு சாலையைப் போட்டுவிட்டு, செத்தவரிடம் விளக்கு எங்கே என்று கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இழப்பீட்டுக்கு வருவோம். இரண்டு லட்சம் என்ற தொகை எங்கிருந்து வந்தது என்று யூகிக்க முடிகிறது. இடித்த வண்டி எது என்றே தெரியாத வழக்குகளில் இறப்புக்கு அரசுத் திட்டம் தருவது இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம். அதற்கு வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். உங்கள் வழக்கில் வண்டி தெரிந்துவிட்டது. யார் தப்பு என்று நிரூபிக்காமலேயே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் இறப்புக்கு ஐந்து லட்சம் உண்டு. ஆனால் அதை வாங்கிக்கொண்டால் 166-ஆவது பிரிவின் முழு இழப்பீட்டைக் கேட்க முடியாது. நீங்கள் போகவேண்டியது 166.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். மாதம் 15,000. நிரந்தர வேலையில் இல்லாத, ஐம்பது முதல் அறுபது வயதுக்குள் இருந்தவர் என்பதால் எதிர்கால வருமானத்துக்காகப் பத்து சதவீதம் கூட்டலாம் என்று 2017-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்தது. ஆக 16,500. அவரை நம்பி மூன்று பேர் இருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். மிச்சம் 11,000, ஆண்டுக்கு 1,32,000. 52 வயதுக்கு உரிய பெருக்கல் எண் 11. மொத்தம் 14,52,000 ரூபாய். துணையையும் தந்தையையும் இழந்ததற்கும், இறுதிச்சடங்குக்கும், மூன்று நாள் மருத்துவத்துக்கும் தனித்தனியே சேரும். வட்டியும் உண்டு. மூட்டை தூக்குபவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது, வருமானத்தைக் குறைத்துக் காட்ட இன்சூரன்ஸ் தரப்பு முயலும். அதனால் மண்டிக்காரரின் கணக்கு நோட்டு, சங்க அடையாள அட்டை, நலவாரியப் பதிவு, கூட வேலை செய்தவரின் சாட்சியம் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள்.

கையெழுத்து வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். '106-ஆவது பிரிவில் நாங்கள் சமாதானமாகிவிட்டோம்' என்று எழுதிக்கொடுத்தாலும் கீழ் நீதிமன்றத்தில் வழக்கு முடியாது, அது சமரசத்துக்கு உரிய குற்றமே அல்ல. ஆனால் அந்தத் தாளில் 'எங்கள் அப்பாவின் கவனக்குறைவால் நடந்தது' என்று ஒரு வரி ஒளிந்திருந்தால், அதே தாள் இழப்பீட்டு வழக்கில் உங்களுக்கு எதிராக நீட்டப்படும். குற்ற வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போகவும் அதைத்தான் தேடுவார்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ரகசியமாகக் கைமாறும் இரண்டு லட்சத்துக்குத்தான் விலை என்று பெயர். தீர்ப்பாயம் தருவது, காலமெல்லாம் மூட்டை சுமந்தவர் இன்னும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக்கூடிய பணம். அதை வாங்குவதால் தண்டனை கேட்கும் உரிமை போகாது. பஞ்சாப் வழக்கு ஒன்றில், பணம் கொடுத்துவிட்டார் என்று ஓட்டுநரின் ஓராண்டு தண்டனையை அவர் ஏற்கனவே கழித்த 24 நாட்களாக உயர் நீதிமன்றம் குறைத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து, ஆறு மாதமாக்கியது. ஆறு மாதமும் குறைவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் பணம் கட்டினால் சிறை கிடையாது என்ற எண்ணத்துக்கு அது ஒரு தடை.

ஒருவேளை குற்ற வழக்கில் அவர் விடுதலையானாலும் இழப்பீடு போய்விடாது. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். தாழ்வாகத் தொங்கிய மின்கம்பியில் பேருந்து மோதிப் பலர் இறந்த தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையாகியும் இழப்பீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே தீர்த்துவைத்தது. காருக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று தெரியவந்தால் மட்டும் உடனே வக்கீலிடம் ஓடுங்கள். அப்படிப்பட்ட வண்டியை, உரிமையாளர் போதிய ஈடு கட்டாமல் விடுவிக்கக்கூடாது. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாத வழக்குகளில் பொதுவாக இன்சூரன்ஸ் நிறுவனமே முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிடுகிறது.

நாள் கணக்கு மிக முக்கியம். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருந்தாலும் அதை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு நான்கு மாதம் இருக்கிறது. போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. என்றாலும் உங்கள் மனுவை நீங்கள் தனியாகப் போடுவதே பத்திரம். அம்மா குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம், விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

வாரிசுச் சான்றிதழுக்கு இந்த வாரமே மனு கொடுங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும். போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், இறப்புச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர்., காரின் ஆர்.சி. மற்றும் இன்சூரன்ஸ் நகல் இவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். ஓட்டியவரின் லைசென்ஸை நிறுத்திவைக்கும்படி ஆர்.டி.ஓ.வுக்கு எஃப்.ஐ.ஆர். நகலோடு ஒரு மனு அனுப்புங்கள், அந்த அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. வழக்கு முடியும்வரை அவர் அதே சாலையில் அதே காரை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள், அல்லது 15100 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்தப் பெரியவர் மறுபடி வந்தால், சொல்லவேண்டியதைத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் மூலம் சொல்லட்டும் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்புங்கள்.